ஸ்டீம், வே, அப்புறம் ஒரு படகின் பெயர்

என்னிடம் இருக்கும் கடிதங்களில் பாதிக்கு மேல் தபால்தலையே கிடையாது. “ஸ்டாம்ப் கலெக்‌ஷன் காட்டு” என்று ஆசையாகக் கேட்கும் நண்பர்கள் ஆல்பத்தைத் திறந்ததும் முகம் சுண்டிப்போவது அதனால்தான். பழுப்பேறிய ஒரு தாள், மடித்த தடம், நடுவில் சாய்வான கையெழுத்தில் ஒரு விலாசம், மூலையில் ‘ஸ்டீம்’ என்று மட்டும் ஒரு கறுப்பு முத்திரை. ராணி தலை இல்லை, பறவை இல்லை, வண்ணம் இல்லை. “இதுக்கா காசு குடுத்த?” என்பார்கள். இதற்குத்தான்.

இவை 19ஆம் நூற்றாண்டில் மிசிசிப்பியிலும், அதோடு வந்து சேரும் ஒஹாயோ, ரெட், யாசூ போன்ற நதிகளிலும் ஓடிய நீராவிப் படகுகள் சுமந்துவந்த கடிதங்கள். நான் வேலைக்கென்று வந்து தங்கிப்போன செயின்ட் லூயிஸ், அந்தப் படகுகளால் தலையெடுத்த ஊர். கேட்வே ஆர்ச் வளைவுக்குக் கீழே, நதிக்குள் சரிந்து இறங்கும் கல் பாவிய கரை இன்னும் இருக்கிறது. ஒரு காலத்தில் படகுகள் அங்கே மூக்கைக் கரைக்கு நீட்டியபடி ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. 1849 மே மாதம் ‘ஒயிட் கிளவுட்’ என்ற படகில் பிடித்த தீ, பக்கத்துப் படகுக்குத் தாவி, அதற்கடுத்ததற்குத் தாவி, 23 படகுகளைத் தின்றுவிட்டு ஊருக்குள்ளும் புகுந்தது. அவ்வளவு நெருக்கமாக நின்றிருக்கின்றன.

அஞ்சல் வரலாறு சேகரிப்பவர்களுக்குத் தபால்தலை இரண்டாம்பட்சம். கடிதம் எங்கே புறப்பட்டது, யார் கையில் போனது, எந்தச் சட்டத்தின் கீழ் போனது, அதற்கு யார் எவ்வளவு கட்டினார், கட்டிய காசில் யாருக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பதையெல்லாம் கவரின் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். அதில்தான் ருசி. நதித் தபாலில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஒரே கவரில் இரண்டு முத்திரைகள் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும். ஒன்று நீள்வட்டத்தில் படகின் பெயர், சுற்றிலும் பூவேலை, சிலவற்றில் கேப்டனின் பெயர், குமாஸ்தாவின் பெயர். கண்ணைப் பறிக்கும். இன்னொன்று மொட்டை எழுத்தில் ‘ஸ்டீம்’ அல்லது ‘வே’. அழகான முத்திரைக்கு அரசாங்கத்தில் சல்லிக்காசு மதிப்பில்லை. சட்டம், கட்டணம், கமிஷன் எல்லாம் அந்த மொட்டை முத்திரைக்குப் பின்னால்தான் இருக்கிறது. ஏலத்தில் விலை மட்டும் தலைகீழ்.

படகுகளின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1807இல் ராபர்ட் ஃபுல்டனின் படகு ஹட்சன் நதியில் நியூயார்க்கிலிருந்து ஆல்பனி வரை, 150 மைல் தூரத்தை 32 மணி நேரத்தில் போனது. 1811 கடைசியில் ‘நியூ ஆர்லியன்ஸ்’ என்ற படகு பிட்ஸ்பர்கிலிருந்து இறங்கி, நடு வழியில் மிசிசிப்பிக் கரையையே குலுக்கிய நியூ மாட்ரிட் நிலநடுக்கத்தையும் தாண்டி, 1812 ஜனவரியில் நியூ ஆர்லியன்ஸ் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. இறங்குவது பெரிய விஷயமில்லை, தெப்பம்கூட இறங்கும். ஏறுவதுதான் பாடு. நியூ ஆர்லியன்ஸிலிருந்து லூயிவில்லுக்கு ஆள் பலத்தால் தள்ளியும் இழுத்தும் படகை ஏற்றிச் செல்ல மூன்று நான்கு மாதம் ஆகும். 1817இல் ஹென்றி ஷ்ரீவ் என்ற கேப்டனின் ‘வாஷிங்டன்’ படகு அதை 25 நாளில் முடித்தது. 1853இல் ‘எக்லிப்ஸ்’, ‘ஷாட்வெல்’ என்று இரண்டு படகுகள் போட்டி போட்டுக்கொண்டு நாலரை நாளுக்குள் ஏறின. ஒரே தலைமுறைக்குள் நடந்த மாற்றம் இது. கடிதம் எழுதுகிறவனுக்கு இதன் பொருள், சரக்குக்கு முன்னால் தகவல் போய்ச் சேரும் என்பது.

தபால் இலாகா இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. 1813இலேயே நீராவிப் படகுகளோடு தபால் ஒப்பந்தம் போட்டுக்கொள்ள அமெரிக்க நாடாளுமன்றம் அனுமதி கொடுத்தது. 1823இல் இன்னும் ஒரு படி மேலே போய், துறைக்குத் துறை நீராவிப் படகு ஒழுங்காக ஓடும் நீர்வழியெல்லாம் தபால் சாலை என்று அறிவித்தது. நதியைச் சாலை ஆக்கிவிட்டார்கள். சாலை என்று ஆனபிறகு அதில் தனியார் கடிதம் சுமந்து காசு பார்க்கக் கூடாது. ஆனால் நூற்றுக்கணக்கான படகுகளில் ஒப்பந்தம் உள்ளவை கொஞ்சம்தான். மற்ற படகுக்காரன் கையில் கரையோரத்து ஆள் ஒரு கடிதத்தைத் திணித்தால் என்ன செய்வது? 1825ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கும் வழி சொன்னது: பகலில் துறை சேர்ந்தால் மூன்று மணி நேரத்துக்குள், இரவில் சேர்ந்தால் மறுநாள் சூரியன் உதித்து இரண்டு மணி நேரத்துக்குள், கையிலுள்ள கடிதங்களை அஞ்சலகத்தில் ஒப்படைக்க வேண்டும். தவறினால் 30 டாலர் அபராதம். ஒப்படைத்தால் கடிதத்துக்கு 2 சென்ட் கேப்டனுக்கு. ஈரி ஏரியில் மட்டும் 1 சென்ட். அபராதத்தையும் சம்பாத்தியத்தையும் ஒரே பிரிவில் எழுதிவைத்தவர் மனிதர்களை நன்றாகத் தெரிந்தவராக இருந்திருக்க வேண்டும்.

இப்போது முத்திரைகளுக்கு வரலாம். ஒப்பந்தம் இல்லாத படகு கொண்டுவந்து ஒப்படைத்த கடிதத்தில் அஞ்சலகம் குத்தியது ‘ஸ்டீம்’, அல்லது முழுதாக ‘ஸ்டீம்போட்’. கேப்டனுக்கு 2 சென்ட் கொடுத்ததற்கு அதுவே கணக்கு. ஒப்பந்தப் படகில், பூட்டிய தபால் பைக்கு வெளியே, வழியில் எவராவது கையில் கொடுத்த கடிதம் என்றால் ‘வே’, அதாவது வழித் தபால். அதற்குக் கொண்டுவந்தவருக்கு 1 சென்ட். அந்த 1 சென்ட் கடிதத்தைப் பெறுகிறவர் தலையில். அதனால் நியூ ஆர்லியன்ஸில் ‘வே 6’, ‘வே 11’ என்று முத்திரைகள் கிடைக்கின்றன. 1845 ஜூலையிலிருந்து 300 மைலுக்குள் 5 சென்ட், அதற்கு மேல் 10 சென்ட். கூட 1 சென்ட். முதலில் பார்க்கும்போது ஏதோ தெரு எண்போல இருக்கும். கணக்குப் புரிந்ததும், அந்த 6இல் ஐந்து வாஷிங்டனுக்கும் ஒன்று படகுக்கும் பிரிந்து போவது கண்ணில் தெரிய ஆரம்பித்துவிடும்.

அதற்கு முந்திய கட்டணங்கள் இன்னும் விசித்திரம். 1825 முதல் 1845 வரை ஒரு தாளுக்கு 6, 10, 12½, 18¾, 25 சென்ட் என்று தூரத்துக்குத் தக்கபடி. யார் பையில் முக்கால் சென்ட் வைத்திருப்பார்? யாரும் வைத்திருக்கவில்லை. அந்தக் காலத்து அமெரிக்காவில் புழங்கிய வெள்ளிக் காசு பெரும்பாலும் ஸ்பானிஷ் காசு. ஒரு ரியால் என்பது 12½ சென்ட், ஒன்றரை ரியால் 18¾. 1857 வரை அந்த நாட்டில் அந்நியக் காசு சட்டப்படி செல்லும். கட்டணம் தாளுக்குத் தாள் என்பதால் உறை போட்டால் அதுவும் ஒரு தாள், இரட்டைக் கட்டணம். ஆகவே எழுதிய தாளையே மடித்து, அரக்கு வைத்து, வெளிப்பக்கம் விலாசம் எழுதினார்கள். கட்டணம் எடைக்கு மாறிய 1845க்குப் பிறகுதான் உறை பரவலாயிற்று. முதல் தபால்தலை 1847இல். அப்போதும் ஒட்டவேண்டிய கட்டாயமில்லை. 1856 தொடக்கத்தில்தான் தபால்தலை கட்டாயமானது. என் ஆல்பத்தின் வறட்சிக்குக் காரணம் இதுதான்.

சரி, படகின் பெயர் போட்ட முத்திரை எதற்கு? விளம்பரத்துக்கு. வேறு ஒன்றுமில்லை. படகின் மேல்தட்டில், சலூனின் முன்பக்கம் குமாஸ்தாவின் அலுவலகம். பயணச்சீட்டு, சரக்கு ரசீது, கணக்கு எல்லாம் அவர் பொறுப்பு. கடிதப் பெட்டியும் அங்கேதான். கையில் ஒரு அச்சு இருக்கும். கடிதம் வந்தால் ஓங்கி ஒரு குத்து. அடுத்த முறை பருத்தி அனுப்பும்போது இந்தப் பெயர் ஞாபகம் வரட்டும் என்று. 1850களில் படகின் படம் அச்சிட்ட உறைகளைப் பயணிகளுக்கு இலவசமாகவே கொடுத்தார்கள்.

குமாஸ்தாக்களில் கடைசிப் படியில் இருந்தவனுக்கு ‘மட் கிளார்க்’ என்று பெயர். சேற்றுக் குமாஸ்தா. படகு நிற்கும் ஒவ்வொரு துறையிலும் கையில் நோட்டோடு சேற்றில் குதித்து, மூட்டை எண்ணிக் கையெழுத்து வாங்குகிறவன் அவன். பெரும்பாலும் சம்பளம் கிடையாது, சாப்பாடும் படுக்கையும்தான். மேலே ஏறலாம் என்ற நம்பிக்கைதான் கூலி. மார்க் ட்வைனின் தம்பி ஹென்றி ‘பென்சில்வேனியா’ படகில் அப்படி ஒரு சேற்றுக் குமாஸ்தா. 1858 ஜூனில் மெம்ஃபிஸுக்குக் கீழே அந்தப் படகின் கொதிகலன் வெடித்தது. ஹென்றி சில நாள் கழித்து மெம்ஃபிஸில் இறந்தார். அவருக்கு 20 வயதுகூட நிரம்பவில்லை. மாலுமிப் பயிற்சியில் அதே படகில் இருந்த அண்ணன், இன்னொரு மாலுமியோடு ஏற்பட்ட சண்டையால் அந்தப் பயணத்துக்கு முன்னால்தான் இறங்கியிருந்தார். கவரின் மேலுள்ள படகு முத்திரையைப் பார்க்கும்போது, அதைக் குத்தியது இப்படி ஒரு பையனின் கையாக இருக்கலாம் என்ற எண்ணம் வராமல் இருப்பதில்லை.

கரையில் இருந்த தோட்ட முதலாளிக்கு அஞ்சலகத்தைவிட படகு வசதி. அஞ்சலகம் மைல்கணக்கில் தள்ளி. படகோ அவருடைய சொந்தத் துறைக்கே வரும். பகலில் வெள்ளைத் துணியை ஆட்டினால், இரவில் தீ மூட்டிக் காட்டினால் நிற்கும். பருத்தியை ஏற்றும் அதே கையோடு கடிதத்தையும் கொடுத்தால், இரண்டும் ஒன்றாக நியூ ஆர்லியன்ஸ் மண்டியில் இறங்கும். நம் ஊரில் பஸ் கண்டக்டரிடம் கவரை நீட்டி, “ஸ்டாண்டில் ஆள் வந்து வாங்கிக்குவாங்க” என்று சொல்வதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதைப் புரிந்துகொள்ளப் பாடம் எதுவும் தேவைப்படவில்லை.

இதில் ஒரு சந்து இருந்தது. படகில் ஏற்றிய சரக்கைப் பற்றிய கடிதம், அந்தச் சரக்கோடு போனால், அதற்குத் தபால் கட்டணம் வேண்டாம். குமாஸ்தா நேராக மண்டிக்காரரிடமே கொடுத்துவிடலாம். “உங்களுக்கு இத்தனை மூட்டை அனுப்பியிருக்கிறேன்” என்று முதல் வரியில் எழுதிவிட்டு, மகளின் கல்யாணம், மழை, அரசியல் என்று மூன்று பக்கம் நீட்டியவர்கள் இருக்கிறார்கள். தபால் இலாகா எப்படிக் கண்டுபிடிக்கும்? ஆகவே ஒரே படகில் ஒரே நாளில் வந்த மூன்று கடிதங்களுக்கு மூன்று கதி இருக்க முடியும். ஒன்று பூட்டிய பையில் ஊர் முத்திரையோடு, ஒன்று ‘வே’ முத்திரையோடு, ஒன்று எந்த அரசாங்க முத்திரையும் இல்லாமல் இடது மூலையில் படகின் பெயர் மட்டும் பேனாவால் எழுதி. மூன்றாவது வகைக்குத்தான் என் மனம் சாயும். பார்ப்பதற்கு ஒன்றுமே இருக்காது. விற்பவர்களுக்கே என்னவென்று தெரியாமல் ஐந்து டாலர் பெட்டியில் கிடக்கும்.

ஒரு கவரை எடுத்து மேசையில் வைத்துப் பேசினால் விஷயம் தெளிவாகும். என்னிடம் உள்ள ஒரு விலாசத் தாள். உள்ளே இருந்த கடிதப் பக்கத்தை யாரோ எப்போதோ கிழித்துவிட்டார்கள். நீல நிறத் தாள். மையில் இருந்த இரும்பு துருப்பிடித்து, எழுத்து கறுப்பிலிருந்து பழுப்பாகியிருக்கிறது. விலாசத்தில் ‘நியூ ஆர்லியன்ஸ்’ என்பதில் ‘நியூ’வின் கொம்பு இருந்த இடத்தில் மை தாளையே அரித்து ஊசிமுனை ஓட்டை விட்டிருக்கிறது. இடது கீழ் மூலையில் “மக்னோலியா படகு வழி” என்று எழுத்து. மேலே ‘ஸ்டீம்’. வலப்பக்கம் பெரிதாக ஒரு 5. ஊர் முத்திரை இல்லை, தேதி இல்லை.

5 என்ற ஒற்றை எண் நிறையச் சொல்லும். 1845க்கு முன்னால் இந்தக் கட்டணம் கிடையாது. 1851 ஜூலைக்குப் பிறகு முன்கூட்டிக் கட்டினால் 3 சென்ட். கட்டாமல் அனுப்பினால்தான் 5. 1855 ஏப்ரலில் கட்டாமல் அனுப்புவதே நின்றுபோயிற்று. ஆக, பத்து ஆண்டுகளுக்குள் விழுந்துவிட்டது. 1851க்கு முந்தியது என்றால் எழுதியவர் நியூ ஆர்லியன்ஸிலிருந்து 300 மைலுக்குள், அதாவது நாட்செஸ் பக்கமோ அதற்குக் கீழேயோ இருந்திருக்க வேண்டும். விக்ஸ்பர்க் என்றால் 10 ஆகியிருக்கும். ‘வே’ இல்லை ‘ஸ்டீம்’ என்பதால் அந்தப் பயணத்தில் மக்னோலியாவுக்குத் தபால் ஒப்பந்தம் இல்லை என்றாகிறது. ஆனால் எந்த மக்னோலியா? அந்தப் பெயரில் பல படகுகள் ஓடின. இந்த நதியில் படகுக்கு ஆயுள் குறைவு. தண்ணீருக்குள் மறைந்து கிடக்கும் அடிமரம் குத்தும், மணல்திட்டில் ஏறும், தீப்பிடிக்கும், வெடிக்கும். ஐந்து ஆண்டு தாக்குப்பிடித்தால் நல்ல படகு. ராசியான பெயர் மட்டும் அடுத்த படகுக்குப் போகும். நாட்செஸ் என்ற பெயரில் தாமஸ் லெதர்ஸ் என்ற கேப்டன் ஒன்றன்பின் ஒன்றாகப் படகு கட்டிக்கொண்டே இருந்தார்.

விடை தாளின் பின்பக்கம். மண்டிக்காரர்களுக்கு ஒரு நல்ல பழக்கம்: வந்த கடிதத்தை நீளவாக்கில் மடித்து, மேல்முனையில் யார் எழுதியது, என்று வந்தது, என்று பதில் போட்டோம் என்று குறித்து, மரத்தட்டின் புறாக்கூண்டில் செருகிவைப்பார்கள். இந்தத் தாளின் ஓரத்தில், கிழித்தவர் கைக்குத் தப்பி, 1848 ஏப்ரல் என்று சின்ன எழுத்தில் இருக்கிறது. அந்த வருடத்தையும் 5ஐயும் கையில் வைத்துக்கொண்டு படகுப் பதிவேடுகளைப் புரட்டினால், அந்த ஆண்டில் நியூ ஆர்லியன்ஸுக்கு ஓடாத மக்னோலியாக்களைக் கழித்துவிடலாம். செயின்ட் லூயிஸ் மெர்க்கன்டைல் நூலகத்தில் உள்நாட்டு நீர்வழிகளுக்கென்றே தனிப்பிரிவு இருக்கிறது. சனிக்கிழமைப் பொழுது போவதே தெரியாது.

கிழிந்துபோன அந்தக் கடிதத்தில் என்ன இருந்திருக்கும் என்பது எனக்கு ஓரளவு தெரியும். கிழிக்கப்படாத மற்ற கடிதங்கள் என்னிடம் இருக்கின்றன. பெரும்பாலும் பருத்தி. இத்தனை மூட்டை ஏற்றியிருக்கிறேன், ஒரு மூட்டை சுமார் 400 ராத்தல், விலை ஏறும்வரை பிடித்து வை, அல்லது உடனே தள்ளிவிடு. மண்டிக்காரருக்கு விற்பனையில் இரண்டரை சதவீதம் கமிஷன். வேண்டிய சாமான்களையும் அவரே வாங்கி அனுப்புவார்: பன்றி இறைச்சிப் பீப்பாய், மூட்டை கட்டச் சாக்கும் கயிறும், மாவு, வெல்லப்பாகு. சில கடிதங்களோடு சரக்கு ரசீதும் ஒட்டிக்கொண்டு வரும். ‘நதியின் ஆபத்தும் தீயும் நீங்கலாக’ என்று அச்சிட்ட வரியோடு. படகுக்காரன் எதற்கெல்லாம் பொறுப்பில்லை என்று ஒரே வரியில் சொல்லிவிட்டான். அந்த நதியில் அந்த இரண்டையும் நீக்கினால் மிச்சம் என்ன இருக்கிறது?

சாமான் பட்டியலிலேயே முரட்டுத் துணியும் முரட்டுச் செருப்பும் வரும். யாருக்கு என்று பக்கத்திலேயே எழுதியிருக்கும். அடிமைகளுக்கு. செருப்பு அளவு எடுத்துக் குச்சியை ஒடித்து அனுப்பியிருக்கிறேன் என்று ஒரு கடிதம். ஜுரத்தில் இரண்டு ‘கை’ (வேலை செய்யும் அடிமையைத்தான் அப்படிச் சொல்வார்கள்) படுத்துவிட்டது, பருத்தி பொறுக்க ஆள் போதவில்லை, சந்தையில் விலை எப்படி என்று இன்னொன்று. அந்தக் கைகளுக்குக் கடிதத்தில் பெயர் இல்லை. நியூ ஆர்லியன்ஸ் அந்த நாட்டின் மிகப் பெரிய அடிமைச் சந்தை. பருத்தி இறங்கிய அதே படகுகளில்தான் மனிதர்களும் விற்பனைக்கு வந்தார்கள். படகில் விறகு சுமந்தவர்களிலும் மூட்டை உருட்டியவர்களிலும் அடிமைகள் இருந்தார்கள்.

ஏல அட்டவணைகளில் இந்தக் கடிதங்களைப் பற்றி ‘சுவையான வணிகச் செய்தி’ என்று போடுவார்கள். படிக்கும்போதே எரிச்சல் வரும். சேகரிப்பாளர்களில் ஒரு சாரார், முத்திரை போதும், உள்ளே இருப்பது சரித்திரக்காரர்கள் பாடு என்பார்கள். எனக்கு அது ஏற்பில்லை. அந்த 5 சென்ட் எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் போகிறவன் பாதி வழியில் நின்றுவிட முடியாது. பட்டியலில் என் குறிப்பு எழுதும்போது முத்திரை வகை, கட்டணம், படகு ஆகியவற்றுக்கு அடுத்த வரியில் உள்ளே இருப்பதையும் எழுதிவிடுகிறேன்: இத்தனை பேருக்குச் செருப்பு, இத்தனை பேருக்கு ஜுரம் என்று.

போலிகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் யாராவது மாட்டிக்கொள்வார்கள். படகுப் பெயர் முத்திரைக்கு ஏலத்தில் மவுசு இருப்பதால், ஐந்து டாலர் கவரில் ஒரு நீள்வட்டத்தைக் குத்தி நூறு டாலருக்கு விற்கும் தொழில் ரொம்ப நாளாக நடக்கிறது. கவர் அசல், விலாசம் அசல், தபால்தலை அசல். முத்திரை மட்டும் நேற்றையது. முதலில் பார்க்க வேண்டியது மடிப்பு. பழைய மை தாளோடு சேர்ந்து மடிந்து உடைந்திருக்கும். புது மை உடைந்த மடிப்புக்குள் இறங்கிக் கசிந்திருக்கும். பூதக்கண்ணாடியில் தெரிந்துவிடும். அடுத்தது நாள்: கடிதத் தேதியில் அந்தப் படகு கட்டப்பட்டிருந்ததா, மூழ்காமல் இருந்ததா? மூன்றாவது பொது அறிவு. பாஸ்டனிலிருந்து ரயிலில் நியூயார்க் போன கவரில் யாசூ நதிப் படகின் முத்திரை எப்படி ஏறும்? சிரிக்க வேண்டாம், அப்படி ஒன்றை எனக்கே ஒரு வியாபாரி முழு நம்பிக்கையோடு நீட்டினார். விலை அதிகம் என்றால் நியூயார்க்கில் உள்ள ஃபிலாட்டலிக் ஃபவுண்டேஷனுக்கு அனுப்பிச் சான்றிதழ் வாங்கிவிடுவது உத்தமம்.

இந்தப் படகு முத்திரைகளை முதலில் பெரிய அளவில் பட்டியலிட்டவர்களில் ஒருவர் பிலடெல்ஃபியா வியாபாரி யூஜின் கிளைன், 1940இல். தபால்தலை உலகில் அவரை வேறு ஒரு காரணத்துக்காக எல்லாருக்கும் தெரியும். 1918இல் விமானம் தலைகீழாக அச்சான 24 சென்ட் தபால்தலைகளின் தாளை 15,000 டாலருக்கு வாங்கி, சில நாளில் 20,000க்கு விற்றவர் அவர்தான். அவ்வளவு பெரிய பொக்கிஷம் கைமாறிய மனிதர், யாரும் சீந்தாத படகு முத்திரைகளை உட்கார்ந்து வரிசைப்படுத்தினார் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த தகவல். எந்த வேலையை அவர் ரசித்துச் செய்திருப்பார் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

எல்லாரும் துரத்துவது இரண்டே பெயர்களை: ‘ராபர்ட் ஈ. லீ’, ‘நாட்செஸ்’. 1870 ஜூன் 30இல் நியூ ஆர்லியன்ஸிலிருந்து புறப்பட்டு செயின்ட் லூயிஸுக்குப் போட்டி போட்டு ஓடிய படகுகள்; லீ 3 நாள் 18 மணி 14 நிமிடத்தில் ஜெயித்தது. நல்ல கதைதான். அந்த இரண்டின் பெயர் இருந்துவிட்டால் போதும், கவர் கந்தலாக இருந்தாலும் விலை எகிறும். எனக்கு ரெட் நதியின் சிறு படகுகள் மேல்தான் கண். மரக்கட்டைகள் அடைத்துக் கிடந்த அந்த நதியை 1830களில் ஷ்ரீவ் அறுத்துத் திறந்துவிட்டார். அவர் பெயரில்தான் ஷ்ரீவ்போர்ட் ஊர். லூசியானாவின் உள்பகுதியிலிருந்து வரும் கடிதங்களில் பல ஃபிரெஞ்சு மொழியில் இருக்கும். முழங்கால் அளவு தண்ணீரில் தவழ்ந்துபோன படகுகள். முத்திரையும் அதற்குத் தக்கபடி கோணலாக, மை பற்றாமல்.

1861இல் உள்நாட்டுப் போர் வந்ததும் வடக்குக்கும் தெற்குக்கும் தபால் நின்றது. 1862 ஏப்ரலில் நியூ ஆர்லியன்ஸும், 1863 ஜூலை 4இல் விக்ஸ்பர்க்கும் வடக்கின் கைக்குப் போயின. படகுகளில் பல போர்க்களத்துக்கு இழுக்கப்பட்டன. மீதியில் பல எரிந்தன. போருக்குப் பிறகு படகுகள் திரும்ப வந்தன, இன்னும் பெரிதாக, இன்னும் அலங்காரமாக. ஆனால் தபால் ரயிலுக்குப் போய்க்கொண்டிருந்தது. 1856இல் ராக் ஐலண்டில் மிசிசிப்பிக்குக் குறுக்கே ரயில் பாலம் கட்டிய சில நாளிலேயே ‘எஃபி ஆஃப்டன்’ என்ற படகு அதில் மோதி எரிந்தது. படகுக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். ரயில் கம்பெனியின் வக்கீல்களில் ஒருவர் ஆபிரகாம் லிங்கன். 1874இல் செயின்ட் லூயிஸிலேயே ஈட்ஸ் பாலம் வந்துவிட்டது. 1880களின் கவர்களில் முத்திரைகள் மிக அழகு, ஆனால் தபால் கணக்கில் சொல்ல அவ்வளவாக ஒன்றும் இல்லை. நான் 1860களோடு நிறுத்திக்கொள்வது அதனால்தான்.

கன்சாஸ் சிட்டி பக்கம் போகிறவர்கள் ‘அரேபியா’ படகின் அருங்காட்சியகத்தைப் பார்க்கலாம். 1856 செப்டம்பரில் மிசௌரி நதியில் அடிமரம் குத்தி மூழ்கிய படகு. நதி தடம் மாறியதால் 1988இல் அதைத் தோண்டி எடுத்தது ஒரு சோள வயலில், 45 அடி ஆழத்தில். பீங்கான், பூட்ஸ், கோடாலி, ஜாடி ஜாடியாக ஊறுகாய்; ஊறுகாயைத் தோண்டியவர்களில் ஒருவர் தின்றுகூடப் பார்த்தாராம். எல்லைப்புறக் கடைகளுக்குப் போன சரக்கு அது. என் ஆல்பத்துக் கடிதங்களில் வரும் சாமான் பட்டியல் அங்கே கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கியிருப்பதுபோல இருந்தது. அந்த முரட்டுச் செருப்புகளை நேரில் பார்த்தபிறகு பட்டியலைப் படிக்கும் வேகம் குறைந்துவிட்டது.

இப்போது நான் தேடிக்கொண்டிருப்பது ஒரு ஜோடி. ஒரே படகு, ஒரே கரையோரம், அடுத்தடுத்த இரண்டு பருத்திப் பருவங்கள். ஒரு கடிதத்தில் ‘ஸ்டீம்’, இன்னொன்றில் ‘வே’. இடையில் அந்தப் படகுக்குத் தபால் ஒப்பந்தம் கிடைத்திருக்க வேண்டும், அல்லது கைவிட்டுப் போயிருக்க வேண்டும். மிசிசிப்பியின் கீழ்ப்பகுதியில் ‘ரூட் 7309’ என்று ஒப்பந்த எண்ணையே முத்திரையாகக் குத்திய படகுகள் இருந்தன. அவற்றில் ஒன்று சிக்கினால் இன்னும் நல்லது. ‘ஸ்டீம்’ பாதி கையில் இருக்கிறது. ‘வே’ பாதிக்கு வியாபாரிகளிடம் சொல்லிவைத்திருக்கிறேன். படகுப் பெயர் முத்திரை வேண்டாம், பேனாவால் எழுதியதே போதும் என்றும் சொல்லியிருக்கிறேன். அதை மட்டும் அவர்கள் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.